256க்கு மேல் இடமில்லை

2016 பிப்ரவரியில் வாட்ஸப், ஒரு குரூப்பில் இருக்கக்கூடியவர்களின் உச்சவரம்பை 100லிருந்து 256ஆக உயர்த்தியது. ‘ஏன் இப்படி ஒரு விசித்திரமான எண்?’ என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை எழுத, உலகத்து இன்ஜினியர்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தார்கள். இரண்டின் எட்டாவது அடுக்கு 256. ஒரு பைட்டுக்குள் அடங்கும் எண்கள் மொத்தம் அவ்வளவுதான். 250 என்று வைத்திருந்தால்தான் எங்களுக்கு விசித்திரம். அந்தச் செய்தியை எங்கள் பள்ளி குரூப்பில் பகிர்ந்து நானும் சிரித்தேன். அப்போது குரூப்பில் 94 பேர். “256 எல்லாம் நமக்கு எதுக்குடே, கல்யாண மண்டபம் மாதிரி” என்று ஒருவன் எழுதினான்.

2018 அக்டோபரில் மண்டபம் நிறைந்துவிட்டது.

எங்கள் ஊர் கோவில்பட்டி. வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய். இலக்கியம் படிப்பவர்களுக்குக் கரிசல். எங்களுக்கு ஹாக்கியும் தீப்பெட்டி ஆபீசும். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். என் அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கப்பிள்ளை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேருடைய அம்மாக்கள் ஏதோ ஓர் ஆபீசில் குச்சி அடுக்கியவர்கள்.

பத்தாவது வரை எல்லோரும் கலந்து கிடந்தோம். பத்தாவது மதிப்பெண் வந்ததும் பள்ளிக்கூடம் எங்களைச் சலித்துப் பிரித்தது. ஆங்கில மீடியம் முதல் குரூப் ‘ஏ’. தமிழ் மீடியம் முதல் குரூப் ‘பி’. கம்ப்யூட்டர் சயின்ஸ் ‘சி’. காமர்ஸ் ‘டி’. வொகேஷனல் ‘இ’யும் ‘எஃப்’பும். 2005 மார்ச்சில் ப்ளஸ் டூ எழுதியபோது ஆறு செக்‌ஷனிலும் சேர்த்து 312 பேர். நான் ‘ஏ’.

யாருடைய பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. எங்கள் பி.டி. வாத்தியார் எங்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். அதையே வைத்துக்கொள்கிறேன்.

*

பழைய நண்பர்களைச் சேர்த்து வைக்கும் வேலை எனக்கு எப்படி வந்தது என்று யோசித்தால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்பதைத் தவிர வேறு தகுதி தெரியவில்லை. 2006இல் கல்லூரி லேபில் திருட்டுத்தனமாக ஆர்குட்டைத் திறந்து பள்ளியின் பெயரில் ஒரு கம்யூனிட்டி ஆரம்பித்தேன். 22 பேர் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் இன்ஜினியரிங் மாணவர்கள். ‘நம்ம செட்டு எல்லாரும் வந்தாச்சு’ என்று அதில் எழுதியிருந்தேன். மீதி 290 பேர் என் நினைவிலேயே இல்லை. 2014 செப்டம்பர் 30ஆம் தேதி ஆர்குட்டை மூடினார்கள். அடுத்த வருடம் வாட்ஸப் குரூப் தொடங்கினேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான் குரூப்பின் முகம் மாறியது. அதுவரை ஐ.டி. கம்பெனிக்காரர்களும் வாத்தியார்களும் மட்டுமே இருந்த இடத்தில் லாரி டிரைவர், போட்டோகிராபர், டீக்கடைக்காரர், பனியன் கம்பெனி டெய்லர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். நான் எக்செல்லில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். பெயர், செக்‌ஷன், நம்பர், இப்போதைய ஊர், வேலை, பிறந்தநாள். காலையில் பிறந்தநாள் வாழ்த்துப் போடுவது என் பொறுப்பு.

பிறந்தநாள் விஷயத்தில் ஒரு வேடிக்கை. பள்ளிப் பதிவேட்டின்படி எங்கள் செட்டில் 71 பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது ஐந்து முடிந்திருக்க வேண்டுமே! கையை வைத்துக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். ஒரு ஜூன் 1ஆம் தேதி ஏழு பேருக்குச் சேர்த்து வாழ்த்துப் போட்டேன். அதில் ஒருவன் தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். “டே, அது ஹெட்மாஸ்டர் பிறந்தநாளு. நான் பிறந்தது ஆடி மாசம், கொடைக்கு முந்துன நாளு. தேதி எங்க அம்மைக்கே தெரியாது.” சிரித்துவிட்டு, பட்டியலில் ஜூன் 1 என்றே விட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தில் தேதி மட்டும்தான் போட முடியும்.

குரூப்பால் நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மதுரையில் ஒருவனின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டபோது நாற்பது நிமிடத்தில் மூன்று பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். குறைந்தது பதினைந்து பேருக்கு வேலை கிடைத்தது. மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்த்துக்கொள்ளும் அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்பது அதன் சாரம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் வேறு உலகத்திலிருந்து சேதி கொண்டுவரும். அதைப் படித்தபோது ‘நாம செய்றது சரிதான்’ என்று பெருமையாக இருந்தது.

*

2018 அக்டோபரில் ‘96’ படம் வந்தது. அந்த வாரத்திலிருந்து தமிழ்நாட்டில் எந்தப் பள்ளி குரூப்பும் சும்மா இருக்கவில்லை. எங்களிலும் ‘ரீயூனியன்’ பேச்சு கிளம்பியது. 2019 பொங்கல் லீவில் மண்டபம், பிரியாணி, வாத்தியார்களுக்குப் பொன்னாடை, தலைக்கு 1,500 ரூபாய் என்று முடிவானது. அதுவரை எட்டிப் பார்க்காதவர்களும் ‘என்னையும் சேருங்கடே’ என்று வந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் 28 பேர். குரூப்பில் ஏற்கெனவே 256.

இரண்டாவது குரூப் தொடங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே சாதிவாரியாகச் சின்னச் சின்ன குரூப்புகள் ரகசியமாக ஓடிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். ஆகவே, எல்லோரையும் சேர்ப்பதற்காகச் சிலரை நீக்க முடிவு செய்தேன். இப்போது எழுதும்போதுதான் இந்த வாக்கியத்தின் கோணல் கண்ணில் படுகிறது. அன்றைக்கு அது ஒரு சாதாரண ‘ரிசோர்ஸ்’ பிரச்சினை.

வாட்ஸப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்தால் படங்கள் இல்லாமல் கடைசி 40,000 மெசேஜ்கள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வரும். எங்கள் குரூப்பில் அது சுமார் பதினோரு மாதப் பேச்சு. பைத்தானில் முப்பது வரி எழுதினேன். யார் எத்தனை மெசேஜ் என்று எண்ணி வரிசைப்படுத்தச் சொன்னேன். பூஜ்யம் என்று வந்தவர்கள் 31 பேர். ஒரு ‘ஹாய்’ இல்லை, ஒரு கைகூப்பும் பொம்மை இல்லை. இருந்தும் இல்லாதவர்கள் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொருவராக நீக்கினேன். ஒவ்வொரு நீக்கமும் குரூப்பில் ஒரு சாம்பல் நிற வரியாக விழுந்தது. 31 வரிகள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கட்டைவிரல் உயர்த்தி ஒருவன் மட்டும் ‘கிளீனிங் நடக்குது போல’ என்று போட்டான். மாலைக்குள் 28 பேரைச் சேர்த்துவிட்டேன்.

ரீயூனியன் நன்றாக நடந்தது. மேடை போட்டு ஒன்பது ‘சாதனையாளர்’களுக்குக் கேடயம் கொடுத்தோம். இரண்டு டாக்டர், ஒரு துணை தாசில்தார், அமெரிக்காவிலிருந்து வந்த மூன்று பேர், ஒரு கல்லூரிப் பேராசிரியர், சொந்தமாக மில் வைத்திருப்பவன், அப்புறம் குரூப்பை நடத்தியதற்காக நான். கேடயம் பெங்களூர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

*

2021 மே மாதம், கி.ரா. காலமான வாரம். புதுச்சேரியிலிருந்து அவரது உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதை செய்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். குரூப் முழுக்க அதுதான் பேச்சு. அந்த வாரத்தில் ஒரு நாள் விடிகாலை நாலு பத்துக்கு அம்மா போன் செய்தார். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு.

இரண்டு மாநிலத்திலும் முழு ஊரடங்கு. இ-பதிவு செய்து, கார் ஏற்பாடு செய்து பெங்களூரை விட்டுக் கிளம்ப ஏழு மணி ஆகிவிட்டது. கோவில்பட்டி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கிளம்பும் முன் குரூப்பில் ஒரு வரி போட்டேன். கரூர் தாண்டும்போது திறந்து பார்த்தால் 140 மெசேஜ். ‘ஆழ்ந்த இரங்கல்’. ‘ஆர்.ஐ.பி. அப்பா’. ‘ஸ்டே ஸ்ட்ராங் மச்சி’. விளக்குப் படம், வெள்ளைப் பூப் படம். படிக்கப் படிக்க அழுகை வந்தது. ஆறுதலாகவும் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அம்மாவிடம் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். பக்கத்து வீடுகளில் யாரும் வரவில்லை. கொரோனாவாக இருக்குமோ என்ற பயம். ஆனால் அம்மா நான் நினைத்த அளவுக்குப் பதறவில்லை. “பையங்க இருக்காங்கப்பா, நீ பதறாம வா” என்றார். எந்தப் பையன்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றரை மணிக்கு வீட்டுக்குப் போனேன். வாசலில் சின்னப் பந்தல். அப்பா ஃப்ரீசர் பெட்டிக்குள். தெரு முக்கில் சின்ன யானை வண்டி நின்றது. டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி, சுடுகாட்டில் சொல்லி, விறகுக்குப் பணம் கட்டி, பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டிக் கொண்டுவந்து போட்டாயிற்று. மாஸ்க் போட்ட நாலு பேர் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் மாஸ்க்கை இறக்கி, “என்னடே, அடையாளம் தெரியலியா?” என்றான்.

பன்னிரண்டாம் வகுப்பு எஃப் செக்‌ஷன், நம்பர் 17. பத்தாவது வரை எனக்குப் பக்கத்து பெஞ்ச். இப்போது ஊரில் பால் ஊற்றுகிறான். அன்று காலை எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறார். கேனை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்தவன்தான். மற்ற மூன்று பேரை அவன் கூப்பிட்டான். ஒருவன் அந்த வண்டிக்காரன், ஒருவன் பூக்கடை, ஒருவன் நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. நாலு பேரும் எஃப். நாலு பேரும் என் 31இல் இருந்தவர்கள்.

இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி. அந்தக் கவலையே வரவில்லை. நாங்கள் பதினொரு பேர்தான். நீர்மாலை எடுக்க 17 என்னுடன் வந்தான். பாடையின் முன்பக்கத்தில் எனக்கு எதிர்த் தோளில் அவன். கிரானவெட்டரின் அறிமுகங்கள் வேலை வாங்கித் தரும். பாடை தூக்க ஆள் வேண்டும்.

*

மூன்றாம் நாள் காரியம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது 17இடம் சொன்னேன். “உன்னை குரூப்லேர்ந்து நான்தான் எடுத்துட்டேன். தெரியுமா?”

“தெரியுமே. உன் பேரு போட்டுத்தான வந்துச்சு.”

“அப்புறமும் வந்தியே.”

அவன் என்னை வித்தியாசமாகப் பார்த்தான். “உனக்காக வரலடே. உங்க அப்பாவுக்காக வந்தேன்.”

அவனுடைய அம்மா அப்பா வேலை பார்த்த ஆபீசில் குச்சி அடுக்கியவர். அவன் அக்காவுக்குக் கல்யாணம் வைத்தபோது முதலாளியிடம் பேசி அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்து, வாரா வாரம் கொஞ்சமாகப் பிடித்துக் கணக்கைத் தீர்த்தவர் அப்பா. கல்யாணத்துக்கும் போய் மொய் எழுதியிருக்கிறார். இது எதுவும் எனக்குத் தெரியாது. அப்போது நான் எட்டாவது. 17 என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் அதைச் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

அன்றிரவு அப்பாவின் மொய் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நீளவாக்கில் மடித்த நோட்டுகள், மொத்தம் மூன்று. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்தவர்கள் ஒரு நோட்டில். அப்பா போன இடங்கள் மற்ற இரண்டில். ஊர், தகப்பன் பெயர், பெயர், தொகை. 17இன் அக்கா கல்யாணம் இருந்தது: 101 ரூபாய். பக்கத்திலேயே வேறு மையில், எங்கள் அக்கா சடங்குக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்தது: 151. பல பெயர்களுக்கு நேராக இப்படிப் பத்து, பதினைந்து வருடம் கழித்து ஒரு வரி விழுந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதரிடம் அப்பா பேசினாரா, அவர் பேசினாரா என்று அந்த நோட்டுக்குத் தெரியாது. அது அதைக் கேட்பதும் இல்லை. பதினோரு மாதம் பேசவில்லை என்று அது யாரையும் அடித்ததும் இல்லை.

என் ஸ்கிரிப்டை மறுபடி திறந்தேன். வேலையில் நாங்கள் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் உண்டு: எதை அளக்க முடிகிறதோ அதையே முக்கியம் என்று நினைத்துவிடாதே. நான் அதைத்தான் செய்திருந்தேன். டெக்ஸ்ட் ஃபைலில் பேசியவர்கள் மட்டும்தான் வருவார்கள். படித்தவர்கள் வர மாட்டார்கள். நீக்கிய 31 பேரையும் செக்‌ஷன்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஏ: 1. பி: 4. சி: 3. டி: 9. இ, எஃப் சேர்த்து: 14. ஸ்கிரிப்டில் மதிப்பெண் இல்லை, சாதி இல்லை, சம்பளம் இல்லை. வெறும் எண்ணிக்கைதான். ஆனாலும் பத்தாவது முடிவில் பள்ளிக்கூடம் சலித்த அதே சல்லடையை வைத்து நானும் ஒருமுறை சலித்திருக்கிறேன்.

*

2022 ஜூனில் வாட்ஸப் வரம்பை 512 ஆக்கியது. பிறகு அதே வருடம் 1,024. எங்கள் 312 பேருக்கும் இனி தாராளமாக இடம் உண்டு. யாரையும் நேராகச் சேர்த்துவிடக் கூடாது, முதலில் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த நாலு பேர் போக மீதி 27 பேர்.

ஐந்து நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. 18 பேர் சந்தோஷமாகச் சரி என்றார்கள். ஏன் பேசவே இல்லை என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை. “எல்லாரும் இங்கிலீஷ்ல எழுதுதீங்க. நான் எழுதுனா தப்பு வந்துரும். தமிழ்ல டைப் பண்ணத் தெரியாது.” “பேசணும்னு இல்லடே, பார்த்துக்கிட்டு இருந்தா போதும்.” “ஓனர் பக்கத்துல இருக்கும்போது போனை நோண்ட முடியாது. ராத்திரி மொத்தமா படிப்பேன். அதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிருக்கும்.”

மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவன் பொறுமையாகக் காரணம் சொன்னான். “நான் நல்லாத்தான் இருக்கேன். சொந்த வீடு, ரெண்டு பிள்ளைங்க, கடன் கிடையாது. ஆனா அந்த குரூப்பைப் பார்த்தா நல்லா இல்லாத மாதிரி இருக்கு.”

கடைசியாக எஃப் செக்‌ஷன், நம்பர் 41. திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர் என்று என் பட்டியலில் இருந்தது. பள்ளி ஹாக்கி டீமில் ரைட் ஹாஃப். ஒரு பெண்தான் போனை எடுத்தார். கூடப் படித்தவன் என்று அறிமுகம் செய்துகொண்டேன்.

“அவரு போயி ஒன்றரை வருஷம் ஆச்சுங்கண்ணா. வண்டியில போகையில. கேஸ் புக்கிங், பாப்பா ஸ்கூல் எல்லாத்துக்கும் இந்த நம்பருதான் குடுத்திருக்கு, அதனால வச்சிருக்கேன்.”

என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவரே பேசினார். “அந்த ஸ்கூல் குரூப்பா? நைட் டூட்டி முடிச்சு வந்து சாப்பிடும்போது அதைத்தான் பார்ப்பாரு. எனக்கும் வாசிச்சுக் காட்டுவாரு. இவன் இப்படி, இவன் அமெரிக்காவுலன்னு. உங்க எல்லாரு பேரும் எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு நாளு, குரூப்பைக் கலைச்சிட்டாங்க போலன்னாரு.”

நீக்கப்பட்டவனின் திரையில் ‘நீங்கள் நீக்கப்பட்டீர்கள்’ என்றுதான் வரும். யார் நீக்கியது என்றும் வரும். 41க்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. மனைவியிடம் குரூப் கலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான்.

“ஆமாங்க” என்றேன். “கொஞ்ச நாள் இல்லாமத்தான் இருந்துச்சு.”

அந்தப் பொய்யை நான் இன்னும் திருத்தவில்லை. திருத்தினால் அது யாருக்கு நிம்மதி என்று யோசித்திருக்கிறேன். எனக்கு மட்டும்தான். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அதுல அவரு ஏதாச்சும் எழுதியிருக்காராங்கண்ணா?”

விடை எனக்கு மனப்பாடம். பூஜ்யம். ஆனால் அது கடைசி 40,000 மெசேஜ்களுக்குள் பூஜ்யம். அதற்கு முந்தியதை நான் எண்ணவே இல்லை. பரணில் கிடந்த பழைய போனை எடுத்து, சார்ஜ் ஏற்றி, ஒரு சனிக்கிழமை முழுக்க விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனேன். 2016 நவம்பரில் கிடைத்தது. சேர்த்த அன்று இரவு 11.20க்கு, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்: ‘வணக்கம் நண்பர்களே. நான் 12 எஃப். ஹாக்கி. எல்லாரும் நல்லா இருக்கீங்களா.’

அதற்குக் கீழே யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. அடுத்த மெசேஜ் மறுநாள் காலை, ரோஜாப்பூவோடு ஒரு குட்மார்னிங். நான் போட்டது.

41இன் செய்தியை மட்டும் வெட்டி எடுத்து அவருக்கு அனுப்பினேன். கீழே இருந்த ரோஜாவை விட்டுவிட்டேன். குரூப்பில் அவன் இறந்ததைச் சொன்னபோது பலர் அதிர்ந்தார்கள். சிலர் ‘யாரு, முகம் ஞாபகம் வரலியே’ என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பாப்பாவின் படிப்புக்கு வருடா வருடம் கொஞ்சம் பணம் போகிறது. அதற்குக் கணக்கு எழுதுபவன் 17. நான் எழுத வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

*

போன வருடம் ஆவணியில் 17இன் மகளுக்குக் காதுகுத்து. பெங்களூருக்கே போன் செய்து அழைத்தான். “கண்டிப்பா வரணும்னு இல்ல. சொல்லலைன்னு இருக்கக் கூடாது” என்றான். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினேன்.

கோவில் வளாகத்தில் கிடா வெட்டி விருந்து. எஃப் செக்‌ஷனில் பாதிப் பேர் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். என்னையும் ஒரு சாம்பார் வாளியைத் தூக்க வைத்தார்கள். துணை தாசில்தார் வந்திருந்தான். அவனுக்குத் தண்ணீர் ஜக்கு. மேடையும் இல்லை, கேடயமும் இல்லை. மகளின் காதில் ஊசி இறங்கியபோது மட்டும் 17 முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாப்பிட்டுவிட்டு மொய் மேசைக்குப் போனேன். அவனுடைய தாய்மாமன் எழுதிக்கொண்டிருந்தார். 1,001 ரூபாயை நீட்டினேன்.

“ஊரு?”

ஒரு நொடி தயங்கி, “கோவில்பட்டிதான்” என்றேன்.

“யாரு மகன்?”

அப்பா பெயரைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தினார். “கணக்கப்பிள்ளை மகனா? நல்ல மனுசன்.” அப்பா பெயரை எழுதி, மகன் என்று போட்டு என் பெயரை எழுதப் போனார். பின்னாலிருந்து 17 எட்டிப் பார்த்தான். “மாமா, அவன் பேர்லயே எழுதுங்க. எங்கூடப் படிச்சவன்.”

இரவு திரும்பும் பஸ்ஸில், அவனிடம் கேட்டுக்கொண்டு, மகளின் படம் ஒன்றை குரூப்பில் போட்டேன். காதில் புதுத் தோடு, கண்ணில் அழுத தடம். வாழ்த்து எழுதியவர்கள் ஒன்பது பேர். பழைய நானாக இருந்திருந்தால் அந்த ஒன்பதைத்தான் எண்ணியிருப்பேன். மெசேஜை அழுத்திப் பிடித்து, யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். மதுரை தாண்டும்போது 160. திண்டுக்கல் தாண்டும்போது 204. மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தேன். பாதிப் பேர் ஒரு வருடமாக ஒரு எழுத்துகூட எழுதாதவர்கள். 11.52க்கு வண்டிக்காரன் பார்த்திருந்தான். 11.54க்கு பூக்கடை. விருந்துப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் உட்கார்ந்திருப்பான் போல, 12.37க்கு 17.